காலாண்டு முடிஞ்சாச்சு, பிள்ளைங்க எடை பத்தி கொஞ்சம் பேசணும்

அன்பான பெற்றோருக்கு வணக்கம்.

ஸ்கூல் சுற்றறிக்கைன்னா யாரும் ரெண்டாவது வரி தாண்டிப் படிக்கிறதில்லைன்னு எனக்கும் தெரியும், என் வீட்டுக்காரரே படிக்க மாட்டார். அதனால பேசுற மாதிரியே டைப் பண்ணிட்டேன். நீளம்தான், பொறுத்துக்கோங்க.

முதல்ல நல்ல சேதி. காலாண்டுத் தேர்வு நல்லபடியா முடிஞ்சது, பத்தாம் வகுப்பு கணக்குல போன வருஷத்தைவிட தேறியிருக்காங்க, நம்ம ஹாக்கி பசங்க வழக்கம்போல கப்போட வந்தாங்க (கோவில்பட்டில இருந்துட்டு ஹாக்கில தோத்தா ஊருக்குள்ள நடமாட முடியுமா), பேச்சுப் போட்டி, ஓவியம்னு பரிசும் வந்திருக்கு. எல்லாருக்கும் வாழ்த்துகள். மேற்குப் பக்க கழிப்பறை வேலையும் ஒருவழியா முடிஞ்சிருச்சு.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

லீவு விடுறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஒரு திங்கட்கிழமை. அசெம்பிளில திருக்குறள் சொல்லிட்டு இருக்கும்போது ஒன்பதாம் வகுப்பு வரிசைல ஒரு பொண்ணு அப்படியே சரிஞ்சிடுச்சு. தூக்கிட்டுப் போய் படுக்க வெச்சு, கண்ணு முழிச்சதும் காலைல என்னம்மா சாப்பிட்டன்னு கேட்டா ஒண்ணும் இல்ல மிஸ்ங்குது. நேத்து ராத்திரி? ஒரு ஆப்பிள். பக்கத்துல நின்ன தோழி கொஞ்ச நேரம் முழிச்சுட்டு, "நாங்க நாலு பேர் மிஸ், பதினோரு நாளா"ன்னுச்சு. நீங்க காலைல அஞ்சு மணிக்கு எந்திரிச்சு கட்டிக் குடுத்த இட்லி எல்லாம் பஸ் ஸ்டாப் நாய்க்குப் போயிருக்கு. டப்பா காலியா வீட்டுக்கு வருது, நீங்களும் பிள்ளை சாப்பிட்டிருச்சுன்னு சந்தோஷமா கழுவி வெச்சிருக்கீங்க.

ஏன் இப்படின்னு விசாரிச்சா, நடமாடும் மருத்துவக் குழு வந்து உயரம் எடை பாத்துட்டுப் போனாங்கல்ல, அந்த லிஸ்ட்டை யாரோ போட்டோ எடுத்து க்ளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல போட்டிருக்காங்க. லிஸ்ட் மேஜை மேல திறந்து கிடந்தது எங்க தப்புதான், ஒத்துக்கிறேன், இனிமே அது பீரோவுக்குள்ள பூட்டி இருக்கும். ஆனா அதுக்குக் கீழ "யாருப்பா நம்பர் ஒன்"னு சிரிக்கிற பொம்மை போட்டது பிள்ளைங்க இல்ல. அது பெற்றோர் குரூப்.

அதுலயும் ஒருத்தர் எல்லார் எடையையும் போன்ல பெரியவங்களுக்கு இருக்கிற பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடையான்னு பாக்கிற கணக்கு) கால்குலேட்டர்ல போட்டுப் பாத்து பட்டியல் வேற விட்டிருக்கார். பிள்ளைங்களுக்கு அப்படிப் பாக்கக் கூடாதுங்க. வயசு, ஆணா பொண்ணா ரெண்டையும் வெச்சு தனி சார்ட் இருக்கு, குழந்தை டாக்டர்கிட்ட கேட்டா காட்டுவாங்க. அதே 18ங்கிற பிஎம்ஐ 8 வயசுப் பையனுக்கு ஜாஸ்தி, 16 வயசுப் பொண்ணுக்கு சாதாரணம். பொம்பளப் பிள்ளைங்க வயசுக்கு வர்ற சமயத்துல சதை போடுறது உடம்போட இயல்பு. வளர்ற பிள்ளைக்கு எடை கொஞ்சம் கூட இருந்தா டாக்டர்கள் பெரும்பாலும் கிலோ கணக்கா குறைக்கச் சொல்றதில்ல, எடையை ஏறாம பாத்துக்கிட்டா உயரம் வரவர தானா சரியாகிடும்னுதான் சொல்வாங்க. மயங்கி விழுந்த பொண்ணு அந்த சார்ட்ல சரியான இடத்துலதான் இருக்கா. எதுக்குப் பட்டினி கிடந்தாங்கிறீங்க?

அதுக்காக எடை ஒரு பிரச்சினையே இல்லன்னு சொல்ல வரல. ஆறாம் வகுப்புலயே படி ஏறினா மூச்சு வாங்குற பசங்க இருக்காங்க, நான் இந்த வேலைக்கு வந்தப்போ இப்படிப் பாத்ததில்ல. ஆனா அவங்க ஒரு நாளைக்கு என்ன செய்றாங்கன்னு எழுதிப் பாத்தேன். காலைல ஆறு மணிக்கு டியூஷன், அப்புறம் ஆட்டோ, நாலேகால் வரைக்கும் பெஞ்ச், திரும்ப டியூஷன், எட்டரைக்கு வீடு, ஒன்பதரைக்கு போனைப் பாத்துக்கிட்டே பரோட்டா, பதினொன்றரைக்குப் படுக்கை. இதுல ஓடுறதுக்கு எங்க இடம்? 5 வயசுல இருந்து 17 வயசு வரைக்கும் தினம் 60 நிமிஷமாவது நல்லா மூச்சு வாங்க உடம்பு அசையணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, நம்ம பிள்ளைக்கு ஆறு நிமிஷம் கிடைச்சா பெருசு. பதின்ம வயசுல 8 மணி நேரத் தூக்கமாவது வேணும். தூக்கம் குறைஞ்சா பசி தப்புத் தப்பா எடுக்கும், இனிப்பையும் எண்ணெய்யையும்தான் தேடும். காலைல வெறும் வயித்தோட வர்ற பிள்ளை 10:40 இன்டர்வல்ல ரெண்டு பாக்கெட் சிப்ஸை ஒரே மூச்சுல முடிக்குது. தொடக்கப் பிரிவுல காலை உணவுத் திட்டம் வந்தப்புறம் சின்னப் பிள்ளைங்க பொங்கலோ கிச்சடியோ சாப்பிட்டுட்டு தெம்பா உக்காந்திருக்கு, பசிக்குதுன்னு அழுற சத்தமே இப்ப ஆறாம் வகுப்புக்கு மேலதான்.

ஒரு விஷயம் கறாரா சொல்லிடுறேன், கோவப்படாதீங்க. ஒரு பையனோட டப்பாவுல சோத்துக்குப் பதிலா "உடம்பு இளைக்கிற பவுடர்" கரைச்சு வந்திருந்துச்சு, சொந்தக்காரங்க விக்கிறாங்களாம். பதினோரு வயசுப் பிள்ளைக்கு! டாக்டர் எழுதிக் குடுக்காத எந்தப் பவுடரும் இனிமே ஸ்கூலுக்குள்ள வரக் கூடாது, வந்தா நானே வாங்கி வெச்சுக்குவேன், வந்து என்கிட்ட சண்டை போட்டு வாங்கிட்டுப் போங்க. குண்டு, பூசணி, அரிசி மூட்டைன்னு இங்க யார் கூப்பிட்டாலும், அது டீச்சராவே இருந்தாலும், என் ரூமுக்கு வந்தாகணும். வீட்டுல கூப்பிடுறதை நான் தடுக்க முடியாது. ஆனா அந்த நாலு பேரும் முதல்ல அந்தப் பேரைக் கேட்டது வீட்டுலதான்.

எங்க பக்கமும் குறை இருக்கு. பிஇடி பீரியடை கணக்கு மிஸ் வாங்கிக்கிறது எல்லா ஸ்கூல்லயும் நடக்கிற சமாச்சாரம், இங்கயும் நடந்துச்சு, நானே கையெழுத்து போட்டிருக்கேன். இனிமே போட மாட்டேன். கேட் பக்கத்துக் கடை அண்ணாச்சிகிட்டயும் பேசியாச்சு. கொழுப்பு, உப்பு, சர்க்கரை தூக்கலா இருக்கிறதை ஸ்கூல் கேட்ல இருந்து 50 மீட்டருக்குள்ள விக்கக் கூடாதுன்னு 2020லயே விதி வந்திருக்கு, அவர் கடை எண்ணி இருபது எட்டு. முதல்ல மொணங்கினார், இப்ப அவிச்ச கடலையும் கொய்யாக்காயும் வெச்சிருக்கார், நல்லாவே ஓடுதாம்.

வீட்டுல பெருசா டயட் சார்ட்லாம் வேண்டாம். காலைல ரெண்டு இட்லியாவது வயித்துக்குள்ள போகட்டும். தட்டுல சோத்து மலைக்குப் பக்கத்துல ஒரு ஸ்பூன் பொரியல் வெக்கிறோமே, அந்தப் பொரியலைக் கூட்டி சோத்தைக் குறைங்க, கூட ஒரு முட்டையோ பயறோ இருக்கட்டும். கலர் தண்ணி பாட்டில் சின்னது 250 மில்லியிலயே அஞ்சு டீஸ்பூனுக்கு மேல சர்க்கரை இருக்கு, அதை தினசரி விஷயமா ஆக்காதீங்க. நம்ம ஊர் கடலைமிட்டாய்க்கு புவிசார் குறியீடு கிடைச்சது எனக்கும் பெருமைதான், ஆனாலும் அதுல வெல்லம் இருக்கு, ஒண்ணு போதும். தீபாவளி வருது, அதிரசத்தைப் பிள்ளைகிட்ட இருந்து பிடுங்காதீங்க, ரெண்டு நாள் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. அதே அதிரசம் கார்த்திகை வரைக்கும் டப்பாவுல இருந்தாதான் வம்பு. முக்கியமா, அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் தனிச் சாப்பாடு போடாதீங்க. அப்பாவுக்குப் பரோட்டா, தம்பிக்கு ஐஸ்கிரீம், இவளுக்கு மட்டும் ஓட்ஸ் கஞ்சின்னா அது தண்டனை. மாத்துனா வீடே மாறட்டும், மெதுவா மாறட்டும்.

எல்லாரையும் சேத்துத் திட்டுன மாதிரி ஆகிடுச்சு, மன்னிச்சுக்கோங்க. தீப்பெட்டி ஆபீஸ் வேலை, கடை வேலைன்னு நின்ன கால்ல நின்னுட்டு வந்து ராத்திரி சமைக்கிறவங்கதான் இதைப் படிக்கிறீங்க, உங்க அலுப்பு எனக்குத் தெரியாம இல்ல. மூணாம் வகுப்பு அப்பா ஒருத்தர் ஒரு மாசமா பைக்கை தபால் ஆபீஸ் பக்கமே நிறுத்திட்டு மகன்கூட நடந்து வர்றார், வர்ற வழியெல்லாம் வாய்ப்பாடு சத்தம். தினமும் பக்கத்துப் பிள்ளைக்கும் சேத்து சுண்டல் குடுத்து விடுற அம்மா ஒருத்தரும் இருக்காங்க. ரெண்டு பேருக்கும் நன்றி. மயங்கி விழுந்த பொண்ணோட அம்மாவுக்கும் பெரிய நன்றி, பேர் போடாம இதை எழுதிக்கோங்க டீச்சர்னு சொன்னதே அவங்கதான்.

வர்ற சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல இருந்து டாக்டரம்மா வர்றாங்க. உங்க பிள்ளையோட சார்ட்டை உங்ககிட்ட மட்டும் தனியா காட்டுவாங்க. அம்மாக்களை மட்டும் அனுப்பிட்டு அப்பாக்கள் தப்பிச்சுக்க வேண்டாம். சுண்டலும் சீனி கம்மியா டீயும் உண்டு, பிஸ்கட் கிடையாது.

இப்படிக்கு,
உங்கள் தலைமையாசிரியை