ரத்தம் எடுப்பது சுலபம்

அன்புள்ள நண்பா,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, திட்டாதே. புற்றுநோய்க் கட்டி ரத்தத்தில் விடும் டிஎன்ஏவைத் தேடுகிற ரத்தப் பரிசோதனையை எங்கள் லேபில் அன்றாட வேலையாக்கலாம் என்று மீட்டிங்கில் வாயைக் கொடுத்தது நான்தான், இப்போது எல்லாம் என் தலையில்.

உன் வார்டில் எல்லோருக்கும் எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். ரிப்போர்ட் வந்தால் மருந்து மாறும் என்கிற இடத்தில் மட்டும் ஆரம்பி. நுரையீரல் புற்றுநோயில் ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவின் மாற்றத்தை ரத்தத்தில் பார்க்க அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2016லேயே ஒப்புதல் கொடுத்தாயிற்று. நெஞ்சில் ஊசி விட்டுத் திசு எடுக்கத் தெம்பில்லாதவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் ரத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றால் கட்டியிலும் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, கட்டி போதுமான டிஎன்ஏவை ரத்தத்தில் விடாமலும் இருக்கலாம் (மூளைக் கட்டிகள் இதில் மகா கஞ்சம்). ஆரம்பத்தில் நாங்கள் வெறுமனே 'நெகட்டிவ்' என்று எழுதி அனுப்பினோம், ஒரு டாக்டர் அதைப் பார்த்துவிட்டுத் திசுப் பரிசோதனையையே விட்டுவிட்டார். தப்பு எங்களுடையதுதான். இப்போது 'கண்டறியப்படவில்லை, திசுவில் பார்க்கவும்' என்று எழுதுகிறோம்.

அப்புறம் அந்த ரத்தக் குப்பி விவகாரம். ரத்தம் உறையாமல் வைக்கும் சாதாரண ஈடிடிஏ குப்பியில் எடுத்து அப்படியே வைத்தால் வெள்ளணுக்கள் உடைந்து தங்கள் டிஎன்ஏவைக் கொட்டிவிடும், நாம் தேடுவது அதில் மூழ்கிப் போகும். சில மணி நேரத்துக்குள் அணுக்கள் நீங்கிய திரவமான பிளாஸ்மாவைப் பிரித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அணுக்களை உடையாமல் வைத்திருக்கும் தனிக் குப்பி வேண்டும். அதை அறை வெப்பத்தில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தும், பத்திரமாக இருக்கட்டும் என்று ஒருவர் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டார், பாவம் நோயாளி, மறுபடி ஊசி. இன்னொன்று, வயதானவர்கள் சிலருக்கு ரத்த அணுக்களிலேயே டிபி53 போன்ற மரபணுக்களில் மாற்றங்கள் இருக்கும், வெள்ளணுக்களையும் கூடவே சோதிக்காவிட்டால் அதைக் கட்டியின் கணக்கில் எழுதிவிடுவோம்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு கீமோ தேவையா என்று இந்தப் பரிசோதனையில் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை தந்தது ஆஸ்திரேலியாவின் டைனமிக் ஆய்வு. 2022இல் வந்தது, இரண்டாம் நிலைப் பெருங்குடல் புற்றுநோய், 455 பேர். ரத்தத்தைப் பார்த்து முடிவெடுத்த பிரிவில் 15 சதவீதம் பேருக்குத்தான் கீமோ, வழக்கமான பிரிவில் 28. இரண்டு வருடத்தில் நோய் திரும்பாதவர்களின் அளவோ இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். தேவையில்லாத கீமோவிலிருந்து இத்தனை பேர் தப்பித்தார்களே, அதுவே போதாதா?

ஆனால் சிகிச்சையெல்லாம் முடிந்து வீட்டில் நன்றாக இருக்கிறவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதை எடுப்பதில்தான் எனக்குத் தயக்கம். ரத்தம் பாசிட்டிவ், ஸ்கேன் சுத்தம், அவரைக் கூப்பிட்டு என்ன சொல்வாய்? ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு நான் லேபில் உட்கார்ந்துகொள்வேன், எதிரே உட்காருவது நீதானே. எடுப்பதற்கு முன்பே அவரிடம் இதைப் பேசிவிடுகிறாயா, எப்படிப் பேசுகிறாய், அதை மட்டும் விவரமாக எழுது.

உன் பழைய நண்பன்