குழாயடிப் பேச்சு

பூம்பாறை, கொடைக்கானல் மலை

அன்புள்ள நண்பனுக்கு,

எட்டு மாதமாக எழுதாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். வீட்டில் அனைவரும் நலம். பனிக்காலத்தில் கூடியிருந்த அப்பாவின் முழங்கால் வலி இப்போது தணிந்திருக்கிறது. சென்ற ஞாயிறன்று நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

கட்டையன் வீடு கட்டிக் குடிபோய்விட்டான். ஆம், நம் கட்டையன்தான். ஓணான் வாத்தியாரிடம் உனக்காக அடி வாங்கியவன். மாடி வீடு, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, வாசலில் புதுக் கார். ஊரையே அழைத்து இலை போட்டான். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவக் குழாயடியில் நின்றபோது நம் கூட்டத்தில் ஒருவன், "அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான்" என்றான். இன்னொருவன், இதெல்லாம் காளான் விற்ற காசு என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். திரும்பிப் பார்த்தால், கை துடைக்கத் துண்டோடு கட்டையனின் அம்மா நிற்கிறார்கள்.

அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. போதைக் காளான் என்ற பழி நம் மலையில் எவ்வளவு எளிதாக ஒட்டும் என்பது உனக்குத் தெரியும். நாலு காசு பார்த்தவன் எவன் மீதும் அதை வீசிவிடலாம், அவன் எவ்வளவு மறுத்தாலும் அது போகாது. அவனுக்குப் பணம் வந்த வழியை நான் கூடவே இருந்து பார்த்தவன். பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போனபின் தரிசாகக் கிடந்த படிக்கட்டு வயல்களைக் குத்தகைக்கு எடுத்து அவன் பூண்டு போட்டான். நாங்களெல்லாம் பிடுங்கிய ஈரம் காய்வதற்குள் வடுகபட்டிச் சந்தைக்கு ஏற்றிவிட்டு, கமிஷன் கடையில் சொன்ன விலைக்குக் கொடுத்து வந்தோம். அவன் மட்டும் தாளோடு பிடிபிடியாகக் கட்டி, அடுப்புக்கு மேலே தொங்கவிட்டு, மாதக்கணக்கில் புகை காட்டிக் காத்திருந்தான். 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததும், அந்தப் பெயரைச் சொல்லிச் சென்னைக்கு நேரடியாகப் பார்சல் அனுப்பத் தொடங்கினான். 2024 தொடக்கத்தில் பூண்டு கிலோ 400 ரூபாயைத் தாண்டியபோது எங்கள் பரண்கள் காலி, அவனுடையது நிறைந்திருந்தது. அதற்கு முன்பு விலை விழுந்த ஒரு வருடம் அவன் அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனதைக் குழாயடியில் நின்ற ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

கொடைக்கானலில் 1845இல் அமெரிக்கப் பாதிரிமார் முதல் வீடுகளைக் கட்டியபோது இந்த மலைக்கு அவர்களும் புதியவர்கள்தாம். இன்றோ, சீசனுக்கு மட்டும் வந்து போகும் பங்களாக்காரர்களைக் கண்டால் தலைத்துண்டை எடுத்துவிட்டு நிற்கிறோம். அவர்கள் தாத்தா எதை விற்று அதை வாங்கினார் என்று யாரும் கேட்டதில்லை. அவர்கள் மூட்டை சுமந்ததை நாம் பார்த்ததில்லை, கட்டையன் சுமந்ததைப் பார்த்தோம். ஒரே வரப்பில் நின்றவன் மேலே ஏறும்போது, நம்மை யாரோ கீழே தள்ளியதுபோல் இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் இருந்தது என்று உன்னிடம் மட்டும் ஒப்புக்கொள்கிறேன். இரவெல்லாம் எரியும் அந்த வாசல் விளக்குகள் எனக்குப் பிடிக்கவில்லை. அதை அவனிடமே நேராகச் சொல்லலாம், குழாயடியில் சிரிக்க வேண்டியதில்லை.

மறுநாள் போனேன். வீட்டின் பின்புறம் தனக்கென்று போடச் சொன்ன விறகடுப்பின் முன் அம்மா உட்கார்ந்திருந்தார்கள். மேலே பூண்டுப் பிடிகள் புகையேறிப் பழுத்த நிறத்தில் தொங்கின. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "முதல்ல காப்பியைக் குடிப்பா" என்றார்கள். குடித்தேன், அதற்குப்பின் பேச்சு வரவில்லை. கிளம்பும்போது உனக்கென்று இரண்டு பிடி பூண்டைக் கையில் திணித்தார்கள். கட்டையனிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை, சொல்லியாக வேண்டும்.

குழந்தை வேலப்பர் தேருக்கு நீ கட்டாயம் வர வேண்டும். மலையேற இ-பாஸ் எடுக்க மறந்துவிடாதே. இம்முறை என் வீட்டில் தங்க வேண்டாம், அவன் வீட்டில் தங்கு. மாடியில் உனக்கு ஓர் அறை ஒதுக்கியிருப்பதாக என்னிடம் இரண்டு முறை சொல்லிவிட்டான். ஊரில் ஒருவரும் அந்த வீட்டில் இன்னும் ஓர் இரவுகூடத் தங்கவில்லை.

உன் பழைய கூட்டாளி