மோதிரத்தை முதலில் கழற்று

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம். மஞ்சள் வேகவைத்துக் களத்தில் காய்கிறது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன். மருமகள் வாட்ஸப்பில் அனுப்பிய எக்ஸ்ரேயை நேற்றிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். படத்தோடு அவள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

சுண்டு விரலுக்கு நேரே இருக்கும் உள்ளங்கை எலும்பு, விரல் முட்டிக்குச் சற்றுக் கீழே முறிந்து முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. வண்டியிலிருந்து விழுந்ததாக, நான் கேட்ட பிறகு சொன்னாய். விழுகிறவர்கள் பெரும்பாலும் உள்ளங்கையைத்தான் ஊன்றுவார்கள். ஆகையால் கட்டை விரல் பக்கம் மணிக்கட்டில் இருக்கும் படகு எலும்பையும் பார்க்கும்படி டாக்டரிடம் கேள். அதன் முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். ரத்த ஓட்டம் குறைவான எலும்பு என்பதால், கவனிக்காமல் விட்டால் கூடாமலே நின்று, பின்னால் மணிக்கட்டையே தேய்த்துவிடும்.

முட்டியின் மேல் தோலில் கீறல் ஏதாவது இருக்கிறதா? கையை மூடியிருக்கும்போது பல் பட்ட காயம் வெளியே கடுகளவு தெரிந்தாலும் உள்ளே மூட்டு வரை போயிருக்கக்கூடும். விரலை நீட்டியதும் தோல் நகர்ந்து மூடிக்கொள்ள, உள்ளே சீழ் பிடிக்கும். ஆஸ்பத்திரியில் நான் வேலை பார்த்த மாவுக்கட்டு அறைக்கு அப்படி வந்தவர்கள் கதவு இடித்தது என்றே சொல்வார்கள், பிறகு மூட்டைத் திறந்து கழுவ வேண்டியிருக்கும். என்னிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம். டாக்டரிடம் உள்ளதை உள்ளபடி சொல்.

எக்ஸ்ரேயில் உன் கல்யாண மோதிரம் தெரிகிறது. வீக்கத்தில் அது விரலை இறுக்கும். சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்று, வராவிட்டால் வெட்டச் சொல். பொன்னை ஆசாரியிடம் கொடுத்து ஒட்டிக்கொள்ளலாம். கையை நெஞ்சுக்கு மேலே தூக்கியே வைத்திரு. நகம் கறுத்தாலோ, விரல் மரத்தாலோ, விரலை நீட்டும்போது உயிர் போகிற வலி வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் போய்க் கட்டைத் தளர்த்தச் சொல். உன் பெரியப்பா நாட்டுக்கட்டு போடச் சொல்கிறார். மூங்கில் தப்பை வைத்து இறுக்கிக் கட்டி, ரத்தம் ஓடாமல் தசை செத்து, விரல்கள் பறவைக் கால்போல் மடங்கிப் போன ஒரு பையனின் கையை நான் கட்டுப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். பெரியப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

சுண்டு விரல் எலும்பு கொஞ்சம் சாய்ந்தபடி கூடினாலும் வேலை செய்யும். ஆனால் முறுக்கிக்கொண்டு கூடக் கூடாது. விரல்களை மெல்ல மடக்கும்போது சுண்டு விரல் பக்கத்து விரலின் மேல் ஏறினால் உடனே காட்டு. கட்டுக்கு வெளியே இருக்கும் விரல்களை மணிக்கொரு தரம் மடக்கி நீட்டு. கையில் 27 எலும்புகள். முறிந்தது ஒன்று, அசைக்காமல் வைத்தால் இறுகிப்போவது எல்லா மூட்டும். மூன்று நான்கு வாரத்தில் கட்டுப் பிரித்த பிறகும் எரிச்சலும் வீக்கமும் தோல் மினுமினுப்பும் இருந்தால், நாளாக ஆகச் சரியாகும் என்று இருந்துவிடாதே, டாக்டரிடம் காட்டு. விரல்களை அசைத்துக்கொண்டே இரு என்று மறுபடியும் சொல்கிறேன்.

கடைசி வரைக்கும் அப்பாருக்குச் சோறு ஊட்டியது இந்தக் கைதான் என்று ஊரில் இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பெருமை குறையவில்லை. அப்படிப்பட்டவன் இத்தனை நாள் என் போனை எடுக்காமல் இருந்தாய் என்பதுதான் மனசு ஆறவில்லை.

எக்ஸ்ரேயை மறுபடி எடுத்ததும் அனுப்பு. மருமகளை எனக்கு ஒரு தரம் போன் செய்யச் சொல். அவள் பேசும்போது நீ பக்கத்தில் இருக்க வேண்டாம், கண்ணு.

இப்படிக்கு,
அம்மா
கோபிசெட்டிப்பாளையம்