ஒரு மாவில் போட்டுப் பார், ராஜி

செம்பூர், மும்பை

அன்புள்ள ராஜி,

உன் மெயிலை ராத்திரி படித்தேன். உடனே பதில் போட உட்கார்ந்தேன், ஆனால் இது நாலு வரியில் முடிகிற சமாசாரம் இல்லை என்று மூடி வைத்துவிட்டேன். இன்று வீட்டில் யாரும் இல்லை, வெளியே மழைக்கு முந்தின புழுக்கம், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன்.

முதலில் இங்கத்திய சேதி. எங்கள் சொசைட்டி கடைசியில் ரீடெவலப்மென்டுக்குப் போகிறது. காலி பண்ணிக்கொண்டு வாடகை வீடு பார்க்க வேண்டும், சேடா நகர் முருகன் கோயிலுக்கு நடந்து போகிற தூரத்திலேயே பார்க்கச் சொல்லியிருக்கிறேன். புதுக் கட்டடம் மைவான் முறையில் வரப்போகிறதாம். அலுமினிய அச்சுகளைப் பொருத்திச் சுவருக்கும் தளத்துக்கும் ஒரே சமயத்தில் கான்கிரீட் ஊற்றிவிடுவார்கள். செங்கல் கட்டு வேலை கிடையாது, பூச்சு வேலையும் பெரும்பாலும் கிடையாது, வேலை வேகமாக நடக்கும். சொசைட்டிக் கூட்டத்தில் எல்லாரும் கார் பார்க்கிங்கைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்க, கீழ்த்தளத்தில் இருக்கும் நம் திருநெல்வேலிக்காரர், அந்தக் காலத்து மேஸ்திரி, அவர் ஒருவர்தான் எழுந்து, "இந்தச் சுவரைப் பிற்பாடு உடைக்க முடியாது, குழாய் எங்கே, பிளக் எங்கே என்று இப்போதே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்" என்றார். புது முறையை அவர் குறை சொல்லவே இல்லை. ஆனால் அதில் எது இடிக்கும் என்று அந்தக் கூட்டத்தில் அவருக்குத்தான் தெரிந்திருந்தது.

சரி, உன் வீட்டு விவகாரத்துக்கு வருகிறேன். பையன் குறுவைக்கு ஒற்றை நாற்று நடவு போடுகிறேன் என்கிறான், மாமனார் கூடவே கூடாது என்கிறார், நீ நடுவில் மாட்டிக்கொண்டு, யார் சொல்வது சரி என்று என்னைக் கேட்கிறாய். வயலைப் பற்றி எனக்குத் தெரிந்தது நாம் பாவாடை கட்டிக்கொண்டு வரப்பில் ஓடின காலத்து ஞானமும் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டதும்தான். ஆனால் இதே சண்டையை ஆஸ்பத்திரியில் வேறு வேறு வேஷத்தில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன். புதுசாக ஒன்று வந்தால் நல்லதா கெட்டதா என்று உடனே கட்சி பிரிந்துவிடுகிறோம். இதனால் யாருடைய கைவேலை மாறப்போகிறது என்று யாரும் கேட்பதில்லை. சண்டையில் பாதி அங்கேதான் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

ஓ.ஆர்.எஸ். விஷயத்தை எடுத்துக்கொள், வயிற்றுப்போக்குக்குக் குடிக்கக் கொடுக்கிற உப்பு சர்க்கரைக் கரைசல். 1971-ல் வங்கதேசப் போரின்போது அகதிகள் எல்லை தாண்டி மேற்கு வங்கத்துக்குள் வந்து, போங்காவ் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலானபிஸிடம் ஏற்றுவதற்குச் சலைன் போதவில்லை. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கல்கத்தாவில் பொட்டலம் கட்டிக் கொண்டுவந்து, டிரம்மில் கரைத்து, நோயாளியின் அம்மாவோ அண்ணனோ யார் கூட இருந்தார்களோ அவர்கள் கையில் குவளையைக் கொடுத்துக் குடிக்க வைக்கச் சொன்னார். நூற்றுக்கு இருபது முப்பது பேர் வரை இறந்துகொண்டிருந்த நோய் அது. அவர் பொறுப்பில் இருந்தவர்களிடையே இறப்பு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது. சர்க்கரை கூடச் சேர்ந்தால்தான் குடல் உப்பை நன்றாக உள்ளே இழுக்கும், தண்ணீர் அதன் பின்னாலேயே போகும். இது அவர் அங்கே புதிதாகக் கண்டுபிடித்தது இல்லை, 1968-லேயே டாக்காவில் காலரா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார்கள். ஆனாலும் பெரிய டாக்டர்கள் பலர் நம்பத் தயாராக இல்லை. குடும்பத்து ஆட்கள் கையில் வைத்தியத்தைக் கொடுப்பதா என்று.

நான் வேலைக்குச் சேர்ந்த எண்பதுகளிலும் மழைக்காலம் வந்தால் குழந்தைகள் வார்டில் இதே பாடுதான். அம்மாக்களே கேட்பார்கள், "பாட்டில் போடுங்க சிஸ்டர்" என்று. சலைன் பாட்டில் தொங்கினால்தான் வைத்தியம் நடக்கிற மாதிரி. தாராவியிலிருந்து வந்த ஒரு பெண், நம் பக்கத்துக்காரிதான், குழந்தைக்குக் கண் குழி விழுந்திருந்தது, ஆனால் குடிக்கிற தெம்பு இருந்தது. அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு ஸ்பூன், கொஞ்சம் பொறுத்து இன்னொரு ஸ்பூன். வாந்தி எடுத்தால் பத்து நிமிஷம் விட்டுவிட்டு மறுபடி ஆரம்பம். வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மாவு மாதிரி அப்படியே நின்று மெதுவாகப் படிந்தது, விடிகிற நேரத்தில் விட்டவுடனே படிய ஆரம்பித்தது, அப்புறம் மூத்திரம் போனான். அவள் என்னிடம் கேட்டது, "நான் குடுத்ததுலயா சரியாச்சு?" என்று.

இதில் நான் சொல்ல வருவது என்னவென்றால், பாட்டில் போட்டிருந்தால் அவள் அன்று தூங்கியிருப்பாள். ஸ்பூன் முறையில் என் வேலை குறைந்து அவள் வேலை கூடிவிட்டது. பொட்டலத்தைக் கையில் திணித்து "வீட்டுக்குப் போய்க் கரைத்துக் கொடு" என்று அனுப்பியிருந்தால் அது தோற்றிருக்கும், தோற்றதும் படிக்காதவளுக்குச் சொன்னால் புரியாது என்று பழியை அவள் தலையில் போட்டிருப்போம்.

வங்கதேசத்தில் பிராக் என்ற அமைப்பு 1980-லிருந்து பத்து வருஷம் வீடு வீடாகப் போய் அம்மாக்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தது. மூன்று விரலால் எடுத்த உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். ஒரு கோடிக்கு மேற்பட்ட வீடுகள். போய்ச் சொன்னோமா வந்தோமா என்று விடவில்லை. பிற்பாடு வேறு ஆட்கள் போய் அந்த அம்மாக்களைக் கேட்பார்கள், எவ்வளவு ஞாபகம் இருக்கிறது, கரைத்துக் காட்டினால் அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்து அதற்குத் தகுந்தபடிதான் சொல்லிக்கொடுத்தவளுக்குச் சம்பளம். அந்த ஏற்பாட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைகிறது. கற்றுக்கொள்கிறவளுக்குப் புரியவில்லையென்றால் தப்பு கற்றுக்கொடுத்தவளுடையது என்று சம்பளத்திலேயே எழுதிவிட்டார்கள்.

இங்கே மும்பையிலும் அப்படி ஒன்று நடந்தது, நம் பெண்களில் பல பேருக்குத் தெரியாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டுபிடிக்க, அந்த இடத்துச் செல்களை எடுத்துச் சோதிக்கிற பாப் ஸ்மியர் வேண்டும், அதற்கு லேப் வேண்டும், பார்த்துச் சொல்ல நிபுணர் வேண்டும். டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி 1998-ல் தொடங்கி இங்குள்ள குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஓர் ஆய்வு நடத்தியது. பத்தாவது வரை படித்த பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். வினிகரில் இருக்கிற அதே அமிலத்தை நீர்த்துத் தடவி, ஒரு நிமிஷம் பொறுத்து, வெளுத்துப்போகிற இடம் இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது, அவ்வளவுதான். 2013-ல் முடிவு வந்தது. அந்தப் புற்றுநோயால் இறந்தவர்கள் 31 சதவீதம் குறைவு. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்த பெண்களுக்கு அறிவுரை மட்டும் சொல்லிப் பரிசோதனை செய்யாமல் விட்டார்கள் என்று பெரிய கண்டனமும் எழுந்தது. எனக்கும் அது உறுத்தத்தான் செய்கிறது, அந்தப் பக்கம் இருந்தவர்களும் நம்மைப் போன்ற பெண்கள்தானே. ஆனால் பத்தாவது படித்த பெண்ணின் கண்ணை நம்பலாம் என்று எண்ணிக்கையோடு நிரூபித்ததை மறுக்க முடியாது. நீ பரிசோதனை பண்ணிக்கொண்டாயா? ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்ப்பார்கள், நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு இந்த மாதமே போய்விட்டு வா.

எண்ணிப் பார்ப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மாரடைப்பு வந்தவர்களுக்கு இடையிடையே கூடுதல் துடிப்பு வந்தால் ஆபத்து, அதனால் அந்தத் துடிப்பை அடக்க மாத்திரை கொடு என்பதுதான் எண்பதுகளில் வழக்கம். கேட்டால் நியாயமாகத்தான் இருந்தது, ஈ.சி.ஜி.யும் சீராக வந்தது. அமெரிக்காவில் பாதிப் பேருக்கு அந்த மாத்திரையும் மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்கள்தான் அதிகமாக இறந்தார்கள், 1989-ல் அந்த மருந்துகளைப் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. காரணம் எவ்வளவு அழகாகப் பொருந்தினாலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்க்காமல் நம்பக் கூடாது என்று எனக்கு அன்றைக்கு உறைத்தது. உன் பையனுக்கு இதைச் சொல், அவன் யூடியூபில் பார்த்த மகசூல் கணக்கை அப்படியே நம்புகிறான் என்று எழுதியிருக்கிறாயே, அதற்காக.

இப்போது நெல். மடகாஸ்கரில் ஹென்றி தெ லொலானியே என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1983-ல் வேறு வழியில்லாமல் பதினைந்து நாள் நாற்றை எடுத்து ஒவ்வொன்றாக நட்டார், அது எதிர்பாராத அளவுக்குத் தூர் கட்டியது, அங்கிருந்துதான் இந்த முறை கிளம்பியது. பையன் சொல்கிற அம்சங்கள் எல்லாம் சரிதான். ஏக்கருக்கு இரண்டு மூன்று கிலோ விதை, பாய் நாற்றங்கால், பதினாலு நாள் நாற்று, 22.5 சென்டிமீட்டர் இடைவெளியில் குத்துக்கு ஒன்று, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர், கோனோவீடர் என்ற களைக்கருவியை ஓட்டிக் களையை அப்படியே சேற்றில் அமுக்குவது. விதையும் தண்ணீரும் மிச்சமாவது உறுதி. மகசூல் பற்றித்தான் விஞ்ஞானிகளுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம் நடந்தது, மடகாஸ்கரிலிருந்து வந்த சில பெரிய எண்களைப் பலர் ஏற்கவே இல்லை.

ஆனால் மாமனார் சொல்வதையும் பிடிவாதம் என்று தள்ளாதே. அவர் புதுசுக்குப் பயந்தவர் இல்லை. அறுபதுகளில் ஏ.டி.டி. 27 என்ற புது நெல் ரகம் வந்தபோது, உரமூட்டையைப் பார்த்து மண் செத்துப்போகும் என்று அவருடைய அப்பா கத்தினாராம், மீறிப் போட்டவர் அவர்தான், நம் கல்யாண காலத்தில் அவரே பெருமையாகச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்படிப்பட்டவர் இன்றைக்கு வேண்டாம் என்றால் எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று கேள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். உங்கள் நிலம் கடைமடை. ஆற்றுத் தண்ணீர் முறை வைத்து வருகிற இடத்தில் நினைத்தபோது காயவிட்டு நினைத்தபோது பாய்ச்சுவது எப்படி? வந்த அன்றைக்குக் கட்டி வைத்தால்தான் உண்டு. சம்பாவில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பதினாலு நாள் நாற்று முழுகிப்போகும், உயர்ந்த நாற்றாவது தலையைக் காட்டிக்கொண்டு நிற்கும். அவர் முப்பது நாள் நாற்றை நாலைந்தாகச் சேர்த்து நட்டதில் இந்தக் கணக்கும் இருக்கும். குறுவையில், போர்செட் இருக்கிற மேட்டு வயலில், பையன் சொல்வது நடக்கலாம். சம்பாவுக்குப் பள்ளத்து வயலில் பெரியவர் சொல்வதுதான் சரி.

அப்புறம் முக்கியமான விஷயம், நடவுப் பெண்கள். உங்கள் வீட்டில் இரண்டு பேரும் சண்டை போடுகிறார்களே தவிர அவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டீர்களா? ஏக்கர் கணக்கில் காண்ட்ராக்ட் பேசி முடிச்சைப் பிரித்துச் சரசரவென்று நட்டுக்கொண்டு போகிறவர்கள். கயிறு பிடித்து, புள்ளி பார்த்து, வேர் மடங்காமல் மண்ணோடு ஒவ்வொன்றாக வைக்கச் சொன்னால் முதல் வருஷம் வேகம் கட்டாயம் குறையும், கூலி அதேதான் என்றால் அவர்கள் எதற்கு அதைச் செய்ய வேண்டும்? பழகிவிட்டால் நாற்றும் குறைவு, வேலையும் குறைவு என்று செய்தவர்கள் சொல்கிறார்கள், ஆனால் பழகுகிற வரைக்குமான நஷ்டத்தை அவர்கள் தலையில் கட்டக் கூடாது. கோனோவீடரோ களிமண்ணில் இழுக்கக் கனம், அதனால் ஆண்கள் கைக்குப் போய்விடும், பெண்கள் கையில் இருந்த களையெடுப்புக் கூலியும் கூடவே போய்விடும். இதையும் பையன் கணக்கில் எழுதட்டும்.

என் யோசனை இதுதான். மேட்டு வயலில் ஒரு மா, அதாவது ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு, மட்டும் அவனுக்குக் கொடுங்கள். பக்கத்து மாவில் மாமனார் தன் முறையிலேயே நடட்டும். அதே ரகம், அதே எரு, ஒரே நாள் அறுப்பு. அந்த ஒரு மாவுக்கு மட்டும் நடவுக்குக் காண்ட்ராக்ட் வேண்டாம், நாள் கூலியாகக் கொடுங்கள். நல்லா நடுகிற இரண்டு பேரை முன்னாடியே கூப்பிட்டுப் பாய் நாற்றைக் கையில் கொடுத்து, எப்படி வைத்தால் உங்களுக்கு வாகு என்று கேளுங்கள், அவர்களே ஒரு வழி கண்டுபிடிப்பார்கள். வயலின் நம்மிடம் வந்தபோது அப்படித்தானே ஆயிற்று? பாலுஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்காரரிடம் கற்றுக்கொண்டார், ஆனால் நம்மவர்கள் அதைத் தோளில் வைத்து நின்று வாசிக்கவில்லை, சம்மணம் போட்டு நுனியைப் பாதத்தில் சாய்த்துக்கொண்டார்கள், இடது கை விடுபட்டுக் கமகத்துக்கு ஓடியாட இடம் கிடைத்தது. நெல்லை அறுத்து எடை போடுகிறபோது பெரியவர் முன்னால் போடுங்கள், நோட்டை அவர் கையிலேயே கொடுங்கள். எண் எந்தப் பக்கம் வந்தாலும் அவர் எழுதினதை அவர் மறுக்க மாட்டார்.

நோட்டில் விதை, தண்ணீர், உரச் செலவோடு கூலியையும் ஆண், பெண் என்று பிரித்து எழுதச் சொல். எனக்கும் ஒரு காப்பி போட்டோ பிடித்து அனுப்பு. வீடு மாறுகிற வேலை முடிந்தால் அறுப்புக்கு நானே வரப் பார்க்கிறேன். அதற்குள் சுகாதார நிலையத்துக்குப் போய்விட்டு வந்தாயா என்று ஒரு வரி எழுது, சாக்குச் சொல்லாதே.

அன்புடன்,
வசந்தா