முதுகைச் சொடுக்கும் முன் காலைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பிதழில் சயாட்டிகாவுக்கான, அதாவது இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கான, கைரோபிராக்டிக் (கையால் முதுகெலும்பைச் சொடுக்கிச் செய்யும்) சிகிச்சை பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நாமக்கல்லில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் லாரி ஓட்டுநர்கள், பாடி கட்டும் பட்டறைகளில் வேலை செய்பவர்கள். கட்டுரையைக் கத்தரித்து மடித்து எடுத்துக்கொண்டு வந்து, "இதைப் பண்ணிக்கலாமா சார்?" என்று இந்த வாரம் சிலர் கேட்டுவிட்டார்கள், அதனால்தான் எழுதுகிறேன். கட்டுரை முழுக்கத் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் முக்கியமான ஒன்று அதில் இல்லவே இல்லை. காலை முழுசாகச் சோதிக்காமல் முதுகில் யாரும் கை வைக்கக் கூடாது.

சயாட்டிகா தனி நோய் இல்லை, அது ஓர் அறிகுறி. முதுகெலும்பின் கீழ்ப் பகுதியிலிருந்து கிளம்பும் நரம்பு வேர்கள் ஒன்றுசேர்ந்து உடம்பிலேயே தடிமனான நரம்பாகி, பிட்டத்துக்குள் புகுந்து, தொடையின் பின்பக்கமாக இறங்கி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை போகிறது. அதனால்தான் கோளாறு இடுப்பில் இருந்தாலும் கெண்டைக்காலில் சுரீர் என்று இழுக்கிறது. பெரும்பாலும் காரணம், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் ஜவ்வு (டிஸ்க்), அதிலும் எல்4-எல்5, எல்5-எஸ்1 என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் எழுதுவார்களே, முதுகின் அடிப்பகுதியில் இருக்கும் அந்த இரண்டு இடங்கள். ஜவ்வு பிதுங்கி நரம்பு வேரை அழுத்துவது மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் கூழ் கசிந்து வேரைப் புண்போல் வீங்கவும் வைக்கிறது. சிறு பிதுக்கம் ஒருவரைத் தூங்கவிடாமல் செய்வதும், பெரிய பிதுக்கம் இருப்பவர் எதுவும் தெரியாமல் நடமாடுவதும் இதனால்தான். 2015-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பின்படி, வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் இருபது வயதுக்காரர்களில் 30 சதவீதம் பேருக்கும் எண்பது வயதுக்காரர்களில் 84 சதவீதம் பேருக்கும் ஜவ்வுப் பிதுக்கம் இருக்கிறது. ஸ்கேன் படத்தை மட்டும் பார்த்து "உங்க டிஸ்க் போச்சு" என்று சொல்பவரை நம்பிவிடாதீர்கள்.

வயதானவர்களுக்குக் கதை வேறு. தண்டுவடக் குழாய் சுருங்கிப்போய், நடந்தால் இரண்டு காலும் கனத்து வலிக்கும், உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால் குறையும். அப்புறம் எலும்பே முன்பக்கம் நழுவுவது ஒரு வகை, பிட்டத்துத் தசை நரம்பை நெருக்குவது இன்னொரு வகை. ஓட்டுநர்கள் லைசென்ஸ், ஆர்.சி. நகல், டோல் ரசீது, பணம் எல்லாவற்றையும் ஒரே பர்ஸில் திணித்துப் பின் பாக்கெட்டில் வைத்து, அதன் மேலேயே விடிய விடிய உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். அவர்களில் சிலருக்குப் பர்ஸை எடுத்து டேஷ்போர்டில் வைக்கச் சொன்னதிலேயே பாதி வலி போயிருக்கிறது.

இப்போது கைரோபிராக்டிக்குக்கு வருகிறேன். 1895-ல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் ஊரில் டி.டி. பாமர் என்பவர் தொடங்கியது இது. முதுகெலும்பு சற்று விலகுவதுதான் பெரும்பாலான நோய்களுக்கு மூலம் என்பது அவர் கொள்கை. இன்றைய மருத்துவம் அதை ஏற்பதில்லை, படித்த கைரோபிராக்டர்களிலேயே பலர் ஏற்பதில்லை. ரீல்ஸில் மைக்கைப் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறார்களே, அந்த 'டப்' சத்தம் எலும்பு இடத்துக்குத் திரும்பிய சத்தம் அல்ல. விரலில் நெட்டி முறிக்கும்போது வருவதைப் போல, மூட்டுத் திரவத்தில் இருக்கும் வாயுவால் வருவது. எவ்வளவு சத்தம் வந்தாலும் பிதுங்கிய ஜவ்வு உள்ளே போய்விடாது.

சரி, அப்படியானால் பலனே இல்லையா என்றால், இருக்கிறது. 2006-ல் இத்தாலியில் ஜவ்வுப் பிதுக்கம் உள்ள 102 பேரிடம் செய்த ஆய்வில், முறையாக முதுகை அசைத்துச் சிகிச்சை பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்குக் கால் வலி முற்றிலும் நின்றது, சிகிச்சை செய்வதுபோல் பாவனை மட்டும் செய்யப்பட்டவர்களில் 20 சதவீதம் பேருக்குத்தான் நின்றது. 2010-ல் கனடாவில், மற்ற சிகிச்சைகளில் குணமாகாத 40 பேரிடம் செய்த ஆய்வில், கைரோபிராக்டிக் எடுத்தவர்களில் 60 சதவீதம் பேர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் அளவுக்கே தேறினார்கள். இரண்டும் சிறிய ஆய்வுகள்தான், என்றாலும் தள்ளிவிடக் கூடியவை அல்ல. மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, கையால் செய்யும் சிகிச்சையைத் தனியாகத் தராமல் உடற்பயிற்சியோடு சேர்த்தே தர வேண்டும் என்கிறது. என் அனுபவமும் அதையே சொல்கிறது. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஜவ்வினால் வரும் சயாட்டிகா பலருக்கும் ஆறிலிருந்து பன்னிரண்டு வாரத்துக்குள் தானாகவே தணிந்துவிடும், பிதுங்கிய துண்டை உடம்பே கரைத்துக்கொள்வதும் உண்டு. அதனால் ஐந்தாவது வாரத்தில் யாரிடம் போனாலும் அவர் கைராசிக்காரராகிவிடுகிறார். கட்டுரையில் "ஒரே அமர்வில் குணம்" என்று சொன்னவர்கள் எத்தனையாவது வாரத்தில் போனார்கள் என்பதைக் கேட்டிருக்கலாம்.

மாத்திரையும் இதற்குப் பெரிய தீர்வு இல்லை. சயாட்டிகாவுக்கு இங்கே தாராளமாக எழுதப்படும் பிரிகாபாலின் என்ற நரம்பு வலி மருந்து, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையைவிட அதிகம் பலன் தரவில்லை என்று 2017-ல் ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று காட்டிவிட்டது. (சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் சட்டென்று நிறுத்த வேண்டாம், மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.)

என்னைக் கோபப்படுத்துவது வேறு. போன வருடம் ஓர் ஓட்டுநர் வந்தார், நாற்பது வயது இருக்கும். வேறு ஊரில் ஒருவரிடம் வாராவாரம் போய் முதுகைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். வலி குறைந்துவிட்டது என்று சந்தோஷமாகத்தான் இருந்தார். "செருப்புதான் சார் காலில் நிற்க மாட்டேங்குது, கழன்று விழுந்தாலும் தெரியவில்லை" என்றார். கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொல்லி நான் என் ஒற்றை விரலால் அழுத்தினேன், அப்படியே மடங்கிவிட்டது. குதிகாலில் நடக்கச் சொன்னால் பாதம் தரையைத் தட்டியது. நரம்பு செத்துக்கொண்டிருந்ததால் வலி குறைந்திருக்கிறது. அத்தனை வாரத்தில் ஒருவர்கூட அவரைக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டச் சொல்லவில்லை! அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, கருவி எதுவும் வேண்டாம். அன்றே அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் அனுப்பினேன், பாதம் ஓரளவுதான் திரும்பியது.

ஆகவே காலில் பலம் குறைந்தால், சைக்கிள் சீட்டில் படும் இடம் மரத்துப்போனால், சிறுநீர் கழிக்க முடியாமல் போனால் அல்லது தெரியாமல் கசிந்தால், யாரிடமும் முதுகைக் காட்டாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாலையில் காய்ச்சலும் எடை குறைவும் சேர்ந்திருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும், நம் நாட்டில் அது அரிதல்ல. எலும்பு தேய்ந்து மெலிந்த பாட்டிமார்களை இழுத்து முறுக்கினால் எலும்பே நொறுங்கலாம். இடுப்பு வலிக்காகப் போன இடத்தில் கழுத்தையும் சேர்த்துச் சொடுக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வம்தான், ஆனால் காலில் இருக்கும் வலிக்கு அந்த அபாயம் எதற்கு?

நான் பிசியோதெரபிஸ்ட் என்பதால் தொழில் போட்டியில் எழுதுகிறேன் என்று நினைப்பவர்கள் இருக்கலாம். பிரிட்டனில் 1994-லேயே கைரோபிராக்டர்களுக்கென்று சட்டம் போட்டு, பதிவு செய்யாதவர் அந்தப் பெயரையே போட்டுக்கொள்ள முடியாதபடி செய்தார்கள். இந்தியாவில் அவர்களுக்கென்று அப்படி ஒரு சட்டப்படியான கவுன்சில் இல்லை. நன்கு படித்துவிட்டு வந்தவரும், சில நாள் பயிற்சி வகுப்புக்குப் போய்வந்தவரும் ஒரே மாதிரி பலகை மாட்டிக்கொள்கிறார்கள். எங்கே படித்தீர்கள், எத்தனை வருடம் என்று கேளுங்கள். உண்மையாகப் படித்தவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வலி வந்தவர்கள் மாதக்கணக்கில் படுத்தே கிடக்கவும் வேண்டாம். தாங்குகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதே நல்லது. எழுந்து வர முடியாதவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை (பிசியோதெரபி) தருகிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். அடுத்த முறை இதுபோன்ற கட்டுரை போடும்போது, மேலே சொன்ன ஆபத்து அறிகுறிகளை ஒரு கட்டத்துக்குள் பெரிய எழுத்தில் சேர்த்துப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்,
நாமக்கல்