கேலி செய்தால் மாறமாட்டார்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பூமி தட்டையானது என்று நம்புகிறவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2024 டிசம்பரில் அமெரிக்கப் பாதிரியார் வில் டஃபி, பூமி தட்டை என்பவர்கள், உருண்டை என்பவர்கள் என இரு தரப்பிலிருந்தும் சிலரை அண்டார்டிகாவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே கோடையில் 24 மணி நேரமும் சூரியன் மறையாமல் வானத்தைச் சுற்றி வருகிறது. தட்டைப் பூமிக்காரர்களின் வரைபடப்படி அது நடக்கவே முடியாது. அந்த நம்பிக்கையைப் பல ஆண்டுகளாகப் பரப்பிவந்த யூடியூபர் ஜெரன் காம்பனெல்லா, நேரில் பார்த்ததும் இந்த விஷயத்தில் தான் சொன்னது தவறு என்று ஒப்புக்கொண்டார். அதற்குப் பெரிய மனது வேண்டும். ஆனால் அதே நம்பிக்கை கொண்ட சிலர் அவரையே விலைபோனவர் என்றார்கள்.

ஏன்? அந்த நம்பிக்கையோடு நண்பர்கள், மாநாடுகள், 'ஊரே ஏமாறுகிறது, நமக்குத் தெரிந்துவிட்டது' என்ற பெருமிதம் எல்லாம் சேர்ந்தே கிடைக்கின்றன. நம்பிக்கையை விட்டால் அத்தனையும் போய்விடும். அப்புறம், அரசாங்கங்கள் மக்களிடம் பொய் சொன்ன வரலாறும் உண்டு. சந்தேகம் சும்மா முளைப்பதில்லை. நாம் சிரிக்கச் சிரிக்க அவர்கள் தங்கள் கூட்டத்தோடு இன்னும் ஒட்டிக்கொள்வார்கள்.

பள்ளிகளிலும் 'பூமி உருண்டை' என்று மனப்பாடம் செய்ய வைத்தது போதும். அடுத்த சந்திர கிரகணத்தன்று, நிலவில் விழும் பூமியின் வளைந்த நிழலைப் பிள்ளைகளுக்குக் காட்ட ஏற்பாடு செய்யுங்கள்.

- ஒரு வாசகர்