கருத்துக்கணிப்பா, விசாரணையா?

ஆசிரியருக்கு,

போன சனிக்கிழமை காலை எங்கள் தொடர்மாடிக்குக் கருத்துக்கணிப்பு என்று ஒரு பிள்ளை வந்தார். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டெப், மரியாதையான பேச்சு. அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மற்ற இனத்தவரைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறிவது தேவையான வேலை. கேட்ட விதம்தான் பிழை.

கேள்விகள் எல்லாம் சிங்களத்தில். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சந்தைக்குப் போய்வரும் அளவுக்குத்தான் சிங்களம் தெரியும் என்பதால் நான் நின்று தமிழில் சொன்னேன். "வேறு இனத்தவர் அயலில் குடிவந்தால் சம்மதமா?" என்று கேட்டபோது எதிர்வீட்டுச் சிங்கள அம்மா வாசலில் நின்றிருந்தார். நல்ல மனுஷி, ஆனாலும் அவர் முன்னால் அக்கா வேறு என்ன சொல்வார்? எல்லாவற்றுக்கும் சம்மதம், சம்மதம்.

அப்புறம், வெளியிலிருந்து வந்து குடியேறியவர்களுக்குச் சம உரிமை கொடுக்கலாமா என்று ஒரு கேள்வி. அக்காவின் முகம் மாறிவிட்டது. மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கிய, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்த குடும்பங்களில் ஒன்று அவருடையது. "எங்களப் பத்தியா கேக்கிறாங்க, டீச்சர்?" என்றவர், உள்ளே போய் ஒரு பொலித்தீன் பையோடு வந்தார். தன் அடையாள அட்டை, அதன் கீழே நான்காக மடித்த அப்பாவின் பிரஜாவுரிமைப் பத்திரம். மடிப்புகள் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. அந்தப் பிள்ளை வேண்டாம் என்று சொல்லியும் அக்கா பையை உள்ளே வைக்கவில்லை. கடைசியில், "பிழையா ஒன்னும் சொல்லலையே?" என்று என்னைக் கேட்டார்.

கொழும்பில் படிவத்தோடு கதவைத் தட்டினால் தமிழருக்கு முதலில் நினைவு வருவது போர்க்காலத்தில் வீட்டில் இருப்பவர்களின் விவரத்தை எழுதிக்கொண்ட பொலிஸ் பதிவுதான். 2007 ஜூன் 7 அன்று லொட்ஜ்களில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்களை பஸ்களில் ஏற்றி நகரத்தைவிட்டு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடுத்து நிறுத்தியது, சரி. ஆனால் அன்று பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

ஆகவே கணிப்பு நடத்துவோரிடம் என் வேண்டுகோள்: தமிழ் வீட்டுக்குத் தமிழ் பேசுபவரை, தமிழ்ப் படிவத்தோடு அனுப்புங்கள். யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். அயலவர் காது படாத இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கூச்சமான கேள்விகளுக்கு ஆளே புள்ளடி போட்டு உறையில் இட்டு ஒட்டித் தரட்டும். அக்காவிடமும் ஒருமுறை அப்படிக் கேட்டுப் பாருங்கள். சனிக்கிழமை அவர் சொன்னவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13